இரும்புப் பார் மாப்பிள்ளை

வெள்ளோடைத் துறையில் சங்கு குளிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, அது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை, எந்தப் போலீஸும் வந்து கேட்கப்போவதில்லை, ஆனாலும் அதை மீறினவன் அந்த ஊரில் கிடையாது: கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனாக இருக்கவேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, அவர்களுக்குள் பங்குத் தகராறு இருக்கும். அப்பன் பிடிக்கக் கூடாது, வெயிலில் கண் அசந்துவிடுவார். சிநேகிதன் பிடிக்கவே கூடாது, சிநேகிதனுக்கு ஆயிரம் சிநேகிதர்கள். மச்சான் ஒருவன்தான் கண்ணிமைக்கமாட்டான், ஏனென்றால் கயிறு நழுவினால் தாலி இறங்குவது அவன் தங்கச்சி கழுத்திலிருந்து. ஒரு இழுப்பு என்றால் இருக்கிறேன், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் தூக்கு. இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே அந்த ஊர் பல தலைமுறை பிழைத்திருக்கிறது.

கஸ்பாருக்கு மச்சான் இல்லை. மச்சான் ஏன் இல்லை என்றால் பெண்டாட்டி இல்லை, பெண்டாட்டி ஏன் இல்லை என்றால் வீட்டில் கல்யாணம் ஆகாத தங்கச்சி இருந்தாள், தங்கச்சிக்கு ஏன் ஆகவில்லை என்றால் வந்த மாப்பிள்ளைகளில் ஒருத்தன் குடிப்பான் என்று கஸ்பார் சொன்னான், ஒருத்தன் கண் சரியில்லை என்றான், ஒருத்தனிடம் ஒரு குறையும் கிடைக்காததால் அதுவே சந்தேகமாக இருக்கிறது என்றான். அப்பனும் அம்மையும் போய்ச் சேர்ந்த பிறகு கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பகல் முழுக்கத் தண்ணீருக்கடியில் தன் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வருகிறவனுக்கு, சாயங்காலம் பிலோமி சோற்றைப் போட்டுக்கொண்டே யார் வீட்டு ஆடு யார் வீட்டுப் பந்தலைத் தின்றது என்று சொல்லும் கதைதான் மனுஷக் குரல். அந்தக் குரலை விட்டால் அவனுக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை, அது அவனுக்கே அப்போது தெரியாது.

அவன் தன் கயிற்றை வள்ளத்தின் குறுக்குப் பலகையில் கட்டிவிட்டு, கம்பிரசரை ஓடவிட்டு, காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு தனியாக இறங்குவான். "ஒம் மச்சான் சௌக்கியமால?" என்று மற்ற வள்ளங்களில் இருந்து கேலி பண்ணுவார்கள். "வேப்பம் பலகைதான், ஆனா தூங்க மாட்டான்" என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், பிறகு தண்ணீருக்கடியில் போய் அவன் ஒரு தரம் கயிற்றை இழுத்துப் பார்ப்பான், பலகை ஒன்றும் சொல்லாது.

கரையைத் திரும்பிப் பார்த்தால் கோயில் கோபுரம் விரல் நுனி அளவுக்குச் சிறுத்துப்போகும் இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு பாகமாக இருபத்தைந்து பாகம் ஆழத்தில், யுத்த காலத்தில் மூழ்கின நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கிடந்தது. எந்த நாட்டுக் கப்பல், யார் சுட்டு மூழ்கியது என்று ஊருக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. வலையைக் கிழிக்கிறது எதுவோ அது பார். கல்லாக இருந்தால் கற்பார், இது இரும்பாக இருந்ததால் இரும்புப் பார், அவ்வளவுதான். அந்த வருஷம் கோயில் மணி விண்டுபோய், தட்டினால் சட்டிச் சத்தம் வந்தது. புது மணி வார்க்கப் பித்தளை வேண்டும், இரும்புப் பாரின் வால் பக்கத்து விசிறி முழுக்கப் பித்தளை என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவு ஆழத்துக்குக் கயிறு விடமாட்டோம் என்று ஊரில் உள்ள மச்சான்மார் எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். வேப்பம் பலகை மட்டும் மறுப்புச் சொல்லவில்லை, ஆகவே கஸ்பார் போனான்.

அந்த ஆழத்துக்கு இறங்குவது ஒரு வீட்டுக்குள் அறை அறையாகப் போவது போன்றது: முதலில் பச்சை வெளிச்சம், பிறகு நீலம், பிறகு சிவப்பு என்ற நிறமே உலகத்தில் இல்லாமல் போய் அவன் இடுப்புத் துணி சாம்பலாகிவிடும், பிறகு காதுக்குள் யாரோ பஞ்சைத் திணிப்பார்கள், பிறகு குளிர், அந்தக் குளிரின் அடியில் அது ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது, மேலே ஐம்பது வருஷத்து வலைகள் போர்த்தி, வலைகளின் மேல் பாசி போர்த்தி, பாசியில் களவா மீன்கள் அசையாமல் நின்று அவனைப் பார்த்துக்கொண்டு. முதுகில் ஒரு வட்டக் கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. விசிறியைக் கட்டித் தூக்கக் கொண்டுவந்த உபரிக் கயிற்றை அவன் அந்தக் கதவின் ஓரம் வைத்துவிட்டு வால் பக்கம் போகத் திரும்பினான். ஈயக்குண்டு கட்டின முனை வழுக்கிக் கதவுக்குள் விழுந்தது. அவன் கயிற்றை எடுக்கக் கையில் பிடித்தபோது உள்ளே இருந்து மூன்று இழுப்பு வந்தது.

கஸ்பார் செய்தது எந்தக் குளியாளியும் செய்வதுதான். ஒரு தரம் இழுத்து, இருக்கிறேன் என்று பதில் சொன்னான். உள்ளே இருந்து ஒரு இழுப்பு வந்தது. அவன் ஆயுசில் அவன் கயிற்றுக்கு யாராவது பதில் சொன்னது அதுதான் முதல் தடவை, அந்தச் சந்தோஷத்தில் அவன் கண் கலங்கிவிட்டது. மச்சான் இல்லாதவன் கூரை உள்ள இடத்துக்குள் நுழையக் கூடாது என்பதால் அவன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. விசிறியையும் மறந்துவிட்டான். கயிற்றின் மேல் முனையை மிதப்பில் கட்டிவிட்டு, மெதுவாக ஏறி, நேரே ஊர்க் கமிட்டி கட்டடத்துக்குப் போனான்.

"உள்ள ஒரு ஆளு இருக்காரு" என்றான். "தூக்கச் சொல்லுதாரு."

கமிட்டித் தலைவர் ஜெரோம் மச்சாது பீடியை அணைத்தார். "எந்த ஊராம்?"

"கேக்கல அண்ணாச்சி."

"ஒத்த ஆளா, குடும்பமா?"

"ஒத்த இழுப்புதான் வருது."

ஒரு ஆள் ஐம்பது வருஷம் தண்ணீருக்கடியில் எப்படி இருந்தான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எல்லாருக்கும் முன்னால் இருந்தது. ஜெரோம் மச்சாதுதான் அதை வாய்விட்டுச் சொன்னார். "தூக்கச் சொன்னா தூக்கத்தான் செய்யணும். ஆனா யாரு தூக்குறது? பொண்டாட்டி இல்லாதவனுக்கு மச்சான் ஏது?"

"கஸ்பாரே தூக்கட்டும், அவன்தான பாத்தான்" என்றது ஒரு குரல்.

"கஸ்பாரு அவருக்கு என்ன முறை வேணும்? நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா பழி யாருக்கு? ஊருக்கு" என்றார் தலைவர்.

விவாதம் சாயங்காலம் வரை நடந்தது. அந்த ஆளுக்கு ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால் அவள் அண்ணன் தம்பி மச்சானாகிவிடுவான், மச்சானானால் தூக்கலாம் என்று முடிவாயிற்று. இதைவிட நேரான யோசனை அந்த ஊரில் அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. யார் வீட்டுப் பெண் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, கட்டடத்துக்கு வெளியே அண்ணனுக்குக் காப்பித் தூக்குச்சட்டியோடு வந்து நின்றிருந்த பிலோமி கதவை ஒட்டி நின்று சொன்னாள்: "இதுவரைக்கும் பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் எனக்கு என்ன தெரியும், என்ன போடுவீங்கன்னு கேட்டாங்க. இவரு ஒருத்தருதான் தூக்கி விடுன்னு கேக்காரு. சரின்னு சொல்லிருண்ணே."

கஸ்பார் அவரிடம் ஒரு குறை சொல்லப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை, அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாதே.

பங்குச் சாமி முதலில் முடியாது என்றார். மாப்பிள்ளையின் சம்மதம் தெரியவேண்டும், ஞானஸ்நானப் பெயர் வேண்டும், மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும் என்றார். பெயருக்கு, கப்பல்காரர்களைக் காக்கிற நிக்கோலாஸ் புனிதரின் பெயரை வைத்தார்கள். ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்தார், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தடை தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் இருபத்தைந்து பாகத்தில் இருந்தார், அவரிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

குளிக்கும் வள்ளத்தில் பெண்கள் ஏறுவதில்லை. ஆகவே மாப்பிள்ளையின் கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு கயிறு கேட்டார்கள், நங்கூரக் கயிறு, கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, தொட்டில் கயிறு, துணி காயப்போடும் கொடிக் கயிறு, இல்லை என்று சொன்ன வீடு கிடையாது, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு இரும்புப் பாரிலிருந்து மணல் வரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வாரம் முழுக்க வெள்ளோடையில் கிணற்றில் வாளி இறங்கவில்லை, துணி காயவில்லை, மாடுகள் இஷ்டத்துக்கு அலைந்தன. பிலோமி கூறைச் சேலையில் முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றின் முனையைக் கையில் பிடித்தாள். சாமி கடலைப் பார்த்து, "நிக்கோலாஸ், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார். அலை இரண்டு தரம் வந்து போயிற்று. பிறகு அந்த ஊரின் எல்லா வீட்டுக் கயிறுகள் வழியாகவும் ஒரு இழுப்பு வந்து அவள் விரல்களைத் தொட்டது. தாலியைக் கயிற்றில் ஒரு தரம் தொட்டுவிட்டுத் தலைவர் சம்சாரம் அவள் கழுத்தில் கட்டினாள். பேண்டு வாசித்தார்கள். மறுநாள் அவரவர் வீட்டுக் கயிறு அவரவர் வீட்டுக்குப் போயிற்று.

இழுக்கும் வேலை தொடங்கியது. அதில் கஸ்பார் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தான், அது நியாயமான கறார்தான். ஆழத்திலிருந்து சடாரென்று ஏறினவனின் ரத்தத்தில் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் காற்று நுரைத்துக் கிளம்பும், கை கால் இழுத்துக்கொள்ளும், சில பேர் கரைக்கு வந்து சிரித்துக்கொண்டே செத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் அடியில் இருந்தவனே வழியில் தொங்கித் தொங்கி ஏறவேண்டும் என்றால் யுத்த காலத்திலிருந்து அடியில் இருக்கிறவரை எப்படித் தூக்குவது? "ஒரு நாளைக்கு ஒரு சாண்" என்றான். "அடுத்த திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள மாப்பிள்ளை கரைக்கு வந்துருவாரு." எல்லாரும் சரி என்றார்கள். இரும்புப் பாருக்கு நேர் மேலே ஒரு பழைய வள்ளத்தை நாலு நங்கூரம் போட்டு நிறுத்திக் கொடுத்தார்கள். கஸ்பார் தினமும் தன் சின்ன வத்தையில் அங்கே போவான், ஒரு தரம் இழுத்துக் குசலம் விசாரிப்பான், பதில் வரும், ஒரு சாண் இழுத்துக் கட்டுவான்.

பிலோமி மாறிப்போனாள். அவருக்கு ஒரு தட்டு வாங்கினாள், அளவு தெரியாமல் சிறிசு பெரிசு என்று இரண்டு சட்டை தைத்தாள், கடல் தண்ணீரிலேயே இருந்தவருக்கு உப்புப் போட்டுச் சமைக்கலாமா என்று கண்டவர்களிடமெல்லாம் கேட்டாள். ஊருக்கு அவள் ஒரு அதிசயமாக இருந்தது கொஞ்ச நாள்தான். கப்பலில் வேலைக்குப் போனவர்களின் பெண்டாட்டிகள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் அவளையும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், குவைத்தில் இருக்கிறவர் போன் பண்ணினாரா, மும்பையில் இருக்கிறவர் எப்போது வருவார் என்று பேசுகிறபோது, அதே குரலில், "ஒங்க வீட்டுக்காரரு இழுத்தாராட்டி?" என்றும் கேட்பார்கள். "நேத்து காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் இழுத்தாராம்" என்று பிலோமி வெட்கப்படுவாள்.

கயிறு வந்து வந்து, ஒரு நாள் இலேசாயிற்று. மாப்பிள்ளை இரும்புக் கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டார் என்று கஸ்பாருக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்துவிடலாம் என்று இறங்கினான். சாம்பல் வெளிச்சத்தில் அவர் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தூளியில் தூங்குகிறவர்போல் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் என்று சொல்லவே வாய் வரவில்லை. இருபது, மிஞ்சினால் இருபத்தொன்று. மேல் உதட்டில் மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தது. அவன் உள்ளே போன அன்றைக்கு என்ன வயதோ அதே வயதில் இருந்தான், ஒரு நாள் கூடவில்லை. கஸ்பார் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் தொங்கினான். யாரும் யாரோடும் பேசமுடியாத அந்த இடத்தில் பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்கு முன்னால் பிலோமி சொன்னாள்: "கோயில் தெருவுல லூர்தாக்கா வீடு காலியாவுதாம்ணே. அவரு வந்ததும் அங்க போயிரலாம்னு பாக்கேன். ஒனக்கும் பொண்ணு பாக்கணும்ல. நாங்க இங்கயே கெடந்தா எவ வருவா?" யார் வீட்டு ஆடு எங்கே மேய்ந்தது என்று அன்றைக்கு ஒரு கதையும் இல்லை. மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்றே பேசிக்கொண்டிருந்தாள். கஸ்பார் சோற்றைப் பிசைந்துகொண்டு அந்த வீட்டை அவள் இல்லாமல் நினைத்துப் பார்த்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. பதினைந்து பாகத்தில் குழாய் அறுந்தபோதுகூட அவன் அப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் அவன் வழக்கம்போல் ஒரு சாண் இழுத்துக் கட்டினான். வத்தையில் ஏறுவதற்கு முன் திரும்பிப் போய் முடிச்சை அவிழ்த்து ஒரு சாண் விட்டான். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மறுநாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

கொடியேற்றம் வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. நீரோட்டம் சரியில்லை என்றான். அடுத்த கொடியேற்றத்துக்கு, பையன் உடம்பு தாங்கவில்லை, நிறுத்தி நிறுத்தித்தான் தூக்கவேண்டும் என்றான். ஊர் ஒத்துக்கொண்டது. இரண்டு வருஷம் என்று குவைத்துக்குப் போனவன் பத்து வருஷம் இருக்கவில்லையா? பிறகு ஊர் கேட்பதை விட்டுவிட்டது. இரும்புப் பாரிலிருந்து விசிறியை வேறு யாரோ கிரேன் கொண்டுவந்து எடுத்து, புது மணி வார்த்து, அதுவும் பழையதாயிற்று. சுனாமி வந்து கடலோரத்து வீடுகளைக் கொண்டுபோயிற்று, நாலு நங்கூரத்து வள்ளத்தை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வீடு கையில் போன் வந்து, கப்பல்காரர்களின் பெண்டாட்டிகள் புருஷன் முகத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்கள். பிலோமி அவர்களோடு உட்காருவதைக் குறைத்துக்கொண்டாள். கஸ்பாருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை, பகலெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? மாசத்துக்கு ஒரு தரம் அவன் இறங்கிப் போய் அந்தப் பையன் பக்கத்தில் தொங்குவான். பையனுக்கு மீசை வளரவே இல்லை. மேலே வந்தால் பிலோமியின் காதோரத்தில் நரை கூடியிருக்கும்.

இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அவன் உள்ளங்கையில் பிலோமி தேங்காய் எண்ணெய் தடவிவிடுவது வழக்கம். கயிற்றை இழுக்கிறவனுக்கு விரல் அடியில் காய்ப்பு வரும், விடுகிறவனுக்குத்தான் உள்ளங்கையின் குறுக்கே சூட்டுக்கோடு விழும். அது துறையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் அவள் எண்ணெய் தடவிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தாள், மறு கையையும் வாங்கிப் பார்த்தாள். கிண்ணத்தை மூடி மாடத்தில் வைத்துவிட்டாள், அதற்குப் பிறகு எடுக்கவில்லை. எண்ணெய் தீர்ந்துபோயிருக்கும் என்று கஸ்பார் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் அவன் ஒரு தரம் இழுத்தபோது பதில் வரவில்லை. மறுபடி இழுத்தான். மதியம் வரை இழுத்தான். அந்த வள்ளத்தில் உட்கார்ந்து அவன் வாய்விட்டு அழுதான், பையனுக்காக அழுதானா, தங்கச்சி தாலிக்காக அழுதானா, இனிமேல் தனக்குப் பதில் சொல்ல ஆளில்லையே என்று அழுதானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கம்பிரசரைப் போட்டுவிட்டு இறங்கினான். பையன் கண்ணைத் திறந்திருந்தான். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், விரல்கள் வெளுத்திருந்தன. அவன் கஸ்பாரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. இத்தனை காலமும் ஒரு சாண் மேலே போவதையும் ஒரு சாண் கீழே வருவதையும் உடம்பால் எண்ணிக்கொண்டிருந்தவனின் பார்வை அது. கஸ்பார் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

அன்றிலிருந்து அவன் இழுத்ததைத் திரும்ப விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சாண், காய்ச்சலிலும் ஒரு சாண், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றின நாளிலும் ஒரு சாண். வள்ளத்துக்குள் கயிற்றுச் சுருள் உயர்ந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் தண்ணீருக்குள் தலைமயிர் தெரிந்தது.

மாப்பிள்ளை வருகிறார் என்றதும் மறந்துபோயிருந்த ஊர் பேண்டோடும் வெடியோடும் கரையில் நின்றது. தலைமுறை மாறியிருந்ததால் பாதிப் பேர் யார் மாப்பிள்ளை, யார் பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிலோமி அதே கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றாள், இடுப்பில் தளர்ந்து, தலை பாதிக்கு மேல் வெளுத்து. வத்தை மணலில் தட்டியது. கிழிந்த சட்டையும் வெறுங்காலுமாகப் பையன் இறங்கினான், வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பிலோமியின் முகத்தைப் பார்த்ததும் நின்றான். மணலில் முழங்கால் போட்டு, அவள் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லைச் சொல்லி அழுதான். அது எந்த நாட்டுப் பாஷையோ, ஆனால் அந்தச் சொல் புரியாத ஆள் கரையில் ஒருத்தர்கூட இல்லை.

பேண்டு பாதியில் நின்றது. கஸ்பார் வத்தையில் இருந்தபடியே பிலோமியைப் பார்த்தான். சொன்னபடி அந்த முதல் கொடியேற்றத்துக்கே தூக்கியிருந்தால் இவன் கண்ணில் பட்டிருக்கக்கூடிய பிலோமி வேறு. முப்பது வயதுச் சிரிப்போடு, கையில் இரண்டு சட்டையோடு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அந்தப் பிலோமியைச் சாண் சாணாகக் கடலுக்குள் விட்டவன் அவன்தான்.

பிலோமி குனிந்து பையனின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு ஒரு தரம் கோணிற்று. பிறகு முந்தானையால் அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "எந்திரி மோனே" என்றாள். "பசிக்கும்லா. வா."

கல்யாணம் கல்யாணம்தானா என்று கமிட்டி இரண்டு நாள் கூடிப் பேசியது, சாமி மேற்றிராசனத்து ஆயருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார், கஸ்பார் இன்னும் மச்சானா இல்லையா என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. அதற்குள் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் சமையல்காரருக்கு அந்தப் பாஷை தெரியும் என்று கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பையன் சொன்னது கொஞ்சம்தான். ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள். யுத்தம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். யுத்தம் முடிந்துவிட்டதா?

முடிந்துவிட்டது என்று சமையல்காரர் சொன்னார். எப்போது முடிந்தது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

துறைமுகத்துக்காரர்கள் காகிதங்களைப் பார்த்துக்கொண்டார்கள். பையன் புறப்பட வேண்டிய நாளில் பிலோமியும் ஒரு பெட்டியோடு வாசலில் இறங்கினாள். கழுத்தில் தாலி இல்லை, அதைக் கோயிலில் மாதாவுக்குப் போட்டுவிட்டு வந்திருந்தாள். பேருந்து நிறுத்தம் வரை கஸ்பார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

"நீ எதுக்குட்டி போவணும்?" என்றான். "அவன் அவன் ஊருக்குப் போறான்."

"அங்க போயி அவன் தட்டுற கதவ யாரு தொறப்பா? அவ இருக்கவா போறா?" என்றாள். "தாயில்லாத வாசல்ல புள்ளையத் தனியா நிறுத்தச் சொல்லுதியா?"

பையன் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தான். அவள் படியில் கால் வைத்தாள். கஸ்பார் பெட்டியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். நடத்துநர் விசில் ஊதினார்.

"எப்ப வருவ பிலோமி? எத்தன நாளாவும்?"

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவன் உள்ளங்கையை ஒரு நிமிஷம் பார்த்தாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல் கேட்டாள்: "நீ எத்தன வருஷம் எடுத்த அண்ணே?"

பேருந்து போய்விட்டது. கஸ்பார் வீட்டுக்கு நடந்துகொண்டே விரல் விட்டு எண்ணிப் பார்த்தான், ஒரு கை முடிந்தது, மறு கை முடிந்தது, மறுபடியும் இரண்டு கையும் முடிந்து முதல் கைக்கு வந்தான். இதில் உண்மையாக இழுத்தது எவ்வளவு என்று தனியே எண்ணியபோது ஒரு விரலைக்கூட முழுதாக மடக்க முடியவில்லை. மிச்ச விரல்களை நீட்டியபடியே அவன் கதவைத் திறந்து, யாரும் இல்லாத வீட்டுக்குள் போனான்.